நான்கு புள்ளி நான்கு எட்டு

வெள்ளையில் சாம்பல் எழுத்து.
ஏழு என்று ஆறு தடவை எழுதினால்
எங்கள் தொழிலில் அந்தச் சாம்பலுக்குப் பெயர்.
சோதனைக் கட்டத்தில் இட்டேன்.
4.48 என்றது.
வேண்டியது 4.5.

போடியில் கரண்ட் போய்
இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்த மத்தியானம்.
நூறில் இரண்டு பங்குதானே,
தராசுத் தட்டில் ஒட்டிய தூசி.
'சரி' என்ற பெட்டியில் டிக் அடித்துவிட்டுச்
சாப்பிட எழுந்தேன்.

அந்தச் சாம்பலில் இருந்தது ஒரே வரி,
ஏலப் பதிவுப் பக்கத்தின் அடியில்:
மாதிரிக் காய் சனிக்கிழமை மாலை ஐந்துக்குள்
வந்து சேர வேண்டும்.

பவுன்தாய் திங்கட்கிழமை வந்தாள்.
பூப்பாறையிலிருந்து முதல் ஜீப்பில்,
காலிடுக்கில் முப்பத்தெட்டு கிலோ மூட்டை.
இடக்கண்ணில் பூ விழுந்தவள்.
வலக்கண் போதும் அவளுக்கு,
எட்டு மில்லிக் காயா ஏழரையா என்று
சல்லடை இல்லாமல் சொல்ல.

கவுண்டர்ப் பையன் திரையைத் திருப்பிக் காட்டினான்.
கிட்டே போனாள். விலகினாள்.
தலையைச் சாய்த்து வலப்பக்கமாகப் பார்த்தாள்.
"அப்படியா?
எழுதித்தான் இருந்துச்சா?"

திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்,
பின் மேசையில், அறிக்கையோடு.
வாசலில் நின்ற வியாபாரி கேட்ட விலைக்குத்
தள்ளிவிட்டுப்
பகல் ஜீப்பிலேயே ஏறிப் போய்விட்டாள்.

இரவு எண்ணைக் குறைத்தேன்.
ஏழு ஆறு ஏழு ஆறு ஏழு ஆறு.
4.54. தேறிவிட்டது.
பழையதையும் புதியதையும் ஒட்டவைத்துக்
கண் கரிக்கப் பார்த்தேன்.
ஒரே அடுப்பில் அள்ளிய சாம்பல்.

சூத்திரத்தைத் திரும்பப் படித்தேன்.
வெளிச்சத்தை இருட்டால் வகுக்குமுன்
இரண்டோடும் 0.05 கூட்டிக்கொள்ளச் சொல்கிறது.
அறை வெளிச்சம் திரையில் பட்டுச் சிதறுமே,
அதற்காம்.
எந்தக் கறுப்பும் முழுக் கறுப்பில்லை என்று
கணக்குக்கே தெரிந்திருக்கிறது.
ஆனால் யாருடைய அறை?
நிழல்மரத்துக்குக் கவாத்து முடிந்த சரிவில்
பதினோரு மணி வெயில்,
குறுக்கே விரிசல் ஓடிய போன்,
முந்தானையைக் கூரையாகப் பிடித்து
ஒற்றைக் கண்ணால் துழாவுகிறவளுக்கு
எத்தனை புள்ளி கூட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மேலே போனேன்.
காரணம் சொல்லத் தெரியவில்லை.
பத்தாவது கொண்டை ஊசியில் மூடுபனி இறங்கியது.
முன்னால் போன வெள்ளைக் கார்
வெள்ளைக்குள் போய்விட்டது.
பாறை இல்லை, பள்ளம் இல்லை, மைல்கல் இல்லை.
தடுப்புச் சுவரின் மஞ்சள் கறுப்புப் பட்டை மட்டும்
ஒன்று போனதும் ஒன்றாக
டிரைவரின் கைக்கு எட்டிக்கொண்டே வந்தது.
யாரோ நாள் கூலிக்கு அடித்த பெயிண்ட்.
கோணல்மாணல். சொட்டுச் சொட்டாய் வடிந்திருக்கிறது.

போடிமெட்டு செக்போஸ்ட்டில்
தமிழ்ப் பலகை முடிந்து மலையாளம் தொடங்குமிடத்தில்
டீ கிளாஸோடு நின்று
ஜிபினைக் கூப்பிட்டேன்.
நெடுங்கண்டத்துக்காரன், பக்கத்தை வரைந்தவன்.
எழுத்தைக் கறுப்பாக்கு, பெரிதாக்கு,
அந்த வரியை மேலே கொண்டுவா என்றேன்.
"சேச்சி, கண்ணினு குளிர்ம வேண்டே?"
யார் கண்ணுக்கு என்று கேட்டேன்.
பனிக்குள் சிக்னல் அறுந்தது.
கேட்டானோ என்னவோ.

நானே மாற்றினேன்.
இரண்டு என்று ஆறு தடவை.
15.9. தார் மாதிரி, முதல் வரியாக,
குளிர்ச்சி ஒன்றுமில்லாமல் கிடக்கிறது.
வெயிலில் எடுத்துப்போய்க்
கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.
சனிக்கிழமை என்று தெரிந்தது.

பழைய அறிக்கையைத் திருத்த வழியில்லை.
4.48, சரி, பக்கத்தில் என் பெயர்.
அது பளிச்சென்று வாசிக்க வருகிறது.

பதிவேட்டில் பவுன்தாயின் நம்பர் இருக்கிறது.
இரண்டு முறை எடுத்து, வைத்துவிட்டேன்.
என்னவென்று தொடங்க?
ஆமாம்,
எழுதித்தான் இருந்தது என்றா?